தள்ளாத வயதும் பக்கவாதமும்: ஒரு மருத்துவ வரலாறு

1783ஆம் ஆண்டு ஜூன் 16, திங்கட்கிழமை. ஆங்கில அகராதியால் அழியாப் புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன் அன்று தம் உருவப்படம் வரையப்படுவதற்காக அமர்ந்திருந்தார். பிறகு அதிகச் சிரமமின்றி நெடுந்தூரம் நடந்தார். மாலையில் உடல் இலேசாக இருப்பதாக உணர்ந்தார். இனி எப்படி வாழ்வது என்று சில திட்டங்களைக்கூட மனத்துக்குள் போட்டுக்கொண்டு படுக்கைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 73.

இரவில் விழித்து எழுந்து உட்கார்ந்தபோது தலைக்குள் ஏதோ குழம்பியது. அரை நிமிடம் இருந்திருக்கும். உடலை என்ன செய்தாலும் அறிவை மட்டும் விட்டுவிடு என்று இறைவனை வேண்டினார். அறிவு இருக்கிறதா என்று சோதிப்பதற்காக அந்த வேண்டுதலையே இலத்தீன் செய்யுளாக்கினார். செய்யுள் அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஆனால் நன்றாக அமையவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆகவே அறிவு பழுதுபடவில்லை என்று முடிவு செய்தார். அதன் பிறகுதான் பேச்சு போய்விட்டது என்பதைக் கண்டார். விடிந்ததும் பணியாளிடம் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். பேசாமல் ஏன் காகிதத்தைக் கொடுக்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. அண்டை வீட்டுக்காரருக்கு எழுத முனைந்தபோது கை வேறு எழுத்துகளை எழுதியது.

இத்தனையையும் அவரே மூன்று நாட்களில் திருமதி த்ரேலுக்கு ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். ஹெபர்டன், பிராக்கில்ஸ்பி என்ற இரு பெரும் மருத்துவர்கள் வந்தார்கள். அக்கால வழக்கப்படி தோலில் கொப்புளம் எழுப்பும் மருந்துகளைப் பூசினார்கள். அதனால் பயன் விளைந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சில நாட்களில் பேச்சு திரும்பியது. அடுத்த மாதம் ராச்செஸ்டர் நகருக்குப் பயணம் போனார். மேலும் ஒன்றரை ஆண்டு வாழ்ந்து 1784 டிசம்பரில் மறைந்தார்.

இலக்கிய வாசகர்கள் இக்கடிதத்தை ஒரு மேதையின் மனத்திண்மைக்குச் சான்றாகப் படிப்பதுண்டு. நாம் அதன் தொடக்க வரிகளைக் கவனிக்க விரும்புகிறோம். நோயைச் சொல்வதற்கு முன் நோய்க்கு முந்தைய நாளைச் சொல்கிறார் ஜான்சன்: எவ்வளவு தூரம் நடந்தேன், எவ்வளவு எளிதாக நடந்தேன், என்ன எண்ணிக்கொண்டு படுத்தேன். கீல்வாதமும் மூச்சிரைப்பும் கொண்ட பெருத்த உடம்பு அவருடையது. நோயற்ற மனிதர் அல்லர். எனினும் அந்தத் திங்கட்கிழமையில் அவர் தள்ளாதவராக இல்லை.

தமிழில் 'தள்ளாமை' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. நோய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. எழ, நடக்க, தாங்க, மீள உடலில் மிச்சம் இல்லாத நிலை அது. 'தள்ளாத வயது' என்றும் சொல்கிறோம். அந்தத் தொடரில் ஒரு சிறு மயக்கம் ஒளிந்திருக்கிறது. தள்ளாமையை நாம் வயதின் தலையில் கட்டிவிடுகிறோம். எழுபதில் தள்ளாதவர் உண்டு. தொண்ணூறில் தள்ளக்கூடியவரும் உண்டு. வயது வேறு, தள்ளாமை வேறு என்று பிரித்தறிய மருத்துவத்துக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. அப்பிரிவினையில் பக்கவாத நோயாளிகளின் பங்கு பெரிது.

இரண்டு வரலாறுகள்

பக்கவாதத்தின் வரலாறு என்று பொதுவாகச் சொல்லப்படுவது மூளையின் வரலாறு. 1658இல் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், திடீரென்று வீழ்ந்து இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை எடுத்துக்காட்டினார். 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் கருவிக்குள் வைக்கப்பட்டது. 1995இல், அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயனுண்டு என்று அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. 2015இல் தொடைத் தமனி வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியையே வெளியே இழுக்கும் முறை வெற்றி கண்டது. ஒவ்வொரு படியும் வியப்புக்குரியது.

அதற்கு இணையாக இன்னொரு வரலாறு இருக்கிறது. அந்த மூளையைச் சுமந்த உடம்பின் வரலாறு அது. பக்கவாதம் வந்தது மூளையில்தான். ஆனால் விழுங்க வேண்டியது தொண்டை. எழுந்து நிற்க வேண்டியவை தொடைகள். இருமிச் சளியை வெளியேற்ற வேண்டியது மார்பு. இவற்றில் முன்பே மிச்சம் இல்லாதவருக்குச் சிறிய பக்கவாதமும் பெரிதாகிவிடுகிறது. இந்த இரண்டாம் வரலாறு ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. ஏழைகளின் விடுதியில் தொடங்கியது.

714 படுக்கைகள்

ஜான்சனுக்கு வீடு இருந்தது, பணியாள் இருந்தான், நண்பர்கள் இருந்தார்கள். அவரைப் போலவே பக்கவாதத்துக்கு ஆளாகி, இவை ஏதும் இல்லாத முதியவர்கள் எங்கே போனார்கள்? பிரிட்டனில் 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் ஏழைகள் விடுதி. காலப்போக்கில் அவ்விடுதிகளை ஒட்டி நோயாளிகளுக்கான கூடங்கள் எழுந்தன. 1865இல் 'லான்செட்' மருத்துவ இதழ் லண்டன் விடுதிகளின் நோயாளர் கூடங்களை ஆராய ஒரு குழுவை அமைக்கும் அளவுக்கு அங்கு நிலைமை சீர்கெட்டிருந்தது. கொடைநிதியில் நடந்த பெரிய மருத்துவமனைகள், குணமாகக்கூடிய நோயாளிகளையே விரும்பின. குணமாகாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர், 'நாட்பட்ட நோயாளர்' என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் இந்தக் கூடங்களில் அடைந்தார்.

1929இன் உள்ளாட்சிச் சட்டம் இக்கூடங்களை மாவட்ட நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. அதன் தொடர்ச்சியாக 1935இல், லண்டனுக்கு மேற்கே ஐசல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் கூடத்தை ஏற்றுக்கொண்டது. 714 படுக்கைகள். அவற்றின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்தது. 1897இல் பிறந்தவர், அறுவை மருத்துவத்தில் பயிற்சி உடையவர். முதியோர் மருத்துவம் என்ற துறை அப்போது பிரிட்டனில் இல்லை. அத்துறைக்கு நியூயார்க் மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர் 1909இலேயே பெயர் சூட்டியிருந்தார். பெயர் இருந்தது, மருத்துவம் இல்லை.

வாரன் கண்டது என்ன? நோய் இன்னதென்று யாரும் கண்டறியாமலே ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள். மனம் கலங்கியவர், கை கால் விழுந்தவர், வெறுமனே ஆதரவற்றவர் எல்லாரும் ஒரே கூடத்தில். பக்கவாதம் வந்து ஒருபுறம் செயலிழந்தவர்களுக்கு அசையாக் கிடப்பினால் மூட்டுகள் மடங்கி இறுகிப் போயிருந்தன. முதுகில் படுக்கைப் புண்கள். நோய் பறித்தது பாதி என்றால், படுக்கை பறித்தது மீதி.

அவர் செய்தது எளிமையானது, ஆகவே புரட்சிகரமானது. ஒவ்வொருவரையும் முழுமையாகப் பரிசோதித்தார். நடமாடுபவர், படுக்கையிலிருந்தாலும் மலம் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடிந்தவர், முடியாதவர், அமைதியாக மனம் குழம்பியவர், தனியே வைத்துப் பேணப்பட வேண்டிய அளவுக்கு மனம் சிதைந்தவர் என்று வகைப்படுத்தினார். சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசச் செய்தார். வெளிச்சத்தைக் கூட்டினார். பிடித்து நடக்கக் கைப்பிடிகளும், முதியவர்கள் உட்கார்ந்து எழ ஏற்ற நாற்காலிகளும் வந்தன. தாதியர், உடற்பயிற்சி வல்லுநர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரே குழுவாக்கினார். பக்கவாத நோயாளிகளைப் படுக்கையை விட்டு எழுப்பி, நிற்கவும் உடுத்தவும் நடக்கவும் மீண்டும் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். 714 படுக்கைகள் 240ஆகக் குறைந்தன. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி மார்பு நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் 1946இல் லான்செட்டிலும் அவர் எழுதிய கட்டுரைகள் இத்துறையின் மூலநூல்கள். முதிய நோயாளிகளைத் தனி விடுதிகளில் ஒதுக்காமல் பொது மருத்துவமனையின் ஒரு பகுதியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் அவர்களிடம் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1947இல் பிரிட்டனில் முதியோர் மருத்துவர்களின் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர், படுக்கைக்குப் போவதன் அபாயங்களைப் பற்றி அங்கதமும் அறிவியலும் கலந்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். படுக்கை ஒவ்வோர் உறுப்பையும் எப்படிக் கெடுக்கிறது என்று வரிசையாகச் சொன்ன அக்கட்டுரை, ஓய்வே மருந்து என்று நம்பிய தலைமுறையை அசைத்தது. 1948இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது வாரனின் வழி அதற்குள் இடம்பெற்றிருந்தது. 1960இல் பிரான்சில் நேர்ந்த ஒரு கார் விபத்தில் அவர் இறந்தார்.

வாரன் நமக்குக் காட்டியது இரண்டு உண்மைகள். தள்ளாமை என்று நாம் காண்பதில் ஒரு பகுதி நம்மால் உண்டாக்கப்பட்டது என்பது ஒன்று. அதில் ஒரு பகுதி திருப்பப்படக் கூடியது என்பது மற்றொன்று.

கிளாஸ்கோவின் அளவுகோல்

வாரன் மக்களை எழுப்பி நடக்க வைத்தார். எவ்வளவு நடந்தார்கள் என்று அளக்க ஒரு கோல் தேவைப்பட்டது. அது ஸ்காட்லாந்தின் தொழில் நகரமான கிளாஸ்கோவில் பிறந்தது. 1957இல் ஜான் ராங்கின் என்ற மருத்துவர், 60 வயதைக் கடந்த பக்கவாத நோயாளிகளின் பிற்காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவுகோலைப் பயன்படுத்தினார். குறிப்பிடத்தக்க ஊனமில்லை என்பது முதற்படி. படுத்த படுக்கை, எந்நேரமும் பராமரிப்பு என்பது ஐந்தாம் படி. பின்னர் வந்தவர்கள் அதைச் செப்பனிட்டு, அறிகுறியே இல்லாமைக்கு 0, இறப்புக்கு 6 என்று விரித்தார்கள். இன்று உலகில் எந்தப் பக்கவாத மருந்தின் பயனும் பெரும்பாலும் இக்கோலால்தான் அளக்கப்படுகிறது. முதியவர்களைப் பார்த்துச் செய்யப்பட்ட கோல் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் அதற்கு நேர்ந்த ஒரு விநோதத்தைக் காண்போம்.

1965இல் அதே நகரத்தின் பல்கலைக்கழகம் முதியோர் மருத்துவத்துக்கென்று உலகின் முதற்பேராசிரியராக பெர்கூசன் ஆண்டர்சனை நியமித்தது. 1972இல் அதே நகரின் பெர்னார்ட் ஐசக்ஸ், தகுதியற்றவர்களே உயிர் பிழைத்து நிற்கும் நிலையைத் தலைப்பிலேயே குறிப்பால் சுட்டி, கிளாஸ்கோ முதியவர்களின் இறுதிக்காலத்தைப் பற்றித் தம் சகாக்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அசைவின்மை, நிலைதடுமாறி விழுதல், கட்டுப்பாடின்றிக் கழிதல், அறிவு மங்கல் ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் பூதங்கள் என்று அவர் அழைத்தார். எந்த நோய் முதலில் வந்தாலும் முதியவரிடம் அது இந்நான்கில் ஒன்றின் முகத்தோடுதான் வருகிறது. பக்கவாதமோ நான்கையும் ஒரே இரவில் கூட்டிவந்துவிடுகிறது.

இந்தப் பரம்பரையின் கனி 1993இல் தெரிந்தது. கிளாஸ்கோவின் முதியோர் மருத்துவத் துறையைச் சேர்ந்த பீட்டர் லாங்ஹார்னும் அவர் தோழர்களும், அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்து, பக்கவாதத்துக்கென்று தனிப் பிரிவு அமைத்தால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா என்று கேட்டார்கள். விடை: ஆம். இதில் கவனிக்க வேண்டியது, அப்பிரிவுகளில் அதிசய மருந்து எதுவும் அப்போது இல்லை என்பது. விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே உணவு கொடுத்தார்கள், காய்ச்சலைக் கவனித்தார்கள், புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தார்கள், நிற்கப் பழக்கினார்கள், வாரந்தோறும் மருத்துவரும் தாதியரும் பயிற்சியாளரும் கூடிப் பேசினார்கள். இளையவர், முதியவர் என்ற வேறுபாடின்றி இதன் பயன் கிடைத்தது. ஐசல்வொர்த்தின் கூடத்தில் வாரன் செய்ததை எண்கள் மெய்ப்பித்தன என்று சொன்னால் மிகையாகாது.

80 என்ற கோடு

ஆனால் அவசர சிகிச்சையின் கதை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தில் ஓர் ஆபத்து உண்டு. மூளைக்குள் இரத்தம் கசியலாம். முதியவர்களுக்கு அது மிகுதி என்று அஞ்சினார்கள். ஐரோப்பாவில் அம்மருந்துக்குக் கிடைத்த அனுமதி 80 வயதோடு நின்றது. 2008இல் வெளிவந்த முக்கியமான ஐரோப்பிய ஆய்வொன்றும் 80ஐக் கடந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆய்வில் சேர்க்காததால் சான்று இல்லை; சான்று இல்லாததால் சிகிச்சை இல்லை. இந்தச் சுழலில் ஒரு தலைமுறை முதியவர்கள் சிக்கினார்கள். 79 வயது 364 நாள் ஆனவருக்குத் திறந்த கதவு, மறுநாள் அவருக்கே மூடியது.

2012இல் எடின்பரோவை மையமாகக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று இந்தக் கோட்டைக் கடந்தது. அதில் பங்கேற்ற 3035 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் 80ஐத் தாண்டியவர்கள். மருந்தின் பயன் அவர்களிடம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2016இல், கட்டியை இழுத்தெடுக்கும் முறையைப் பற்றிய ஐந்து ஆய்வுகளின் 1287 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், 80ஐக் கடந்தவர்கள் பயனடைந்தது தெரிந்தது. வயது என்ற கோடு அழியத் தொடங்கியது. கோட்டை அழித்துவிட்டால் அவ்விடத்தில் எதை வைப்பது? எல்லா முதியவர்களும் ஒன்றல்ல என்பது உண்மையாயிற்றே.

தள்ளாமைக்கு இலக்கணம்

இந்தக் கேள்விக்கான விடை வேறொரு மூலையில் உருவாகிக்கொண்டிருந்தது. 2001இல் அமெரிக்காவின் லிண்டா ஃபிரீடும் உடன் உழைத்தவர்களும், 65 வயதைக் கடந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரின் தரவுகளிலிருந்து தள்ளாமைக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: விரும்பாமலே எடை குறைதல், ஓயாத அயர்ச்சி, கைப்பிடியின் வலுக்குறைவு, நடையின் மெதுமை, அன்றாட உழைப்பு அருகிப்போதல். இவற்றில் மூன்றோ மேலோ இருந்தால் தள்ளாமை; ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல்.

இந்த ஆய்வில் ஒரு செய்தி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. முன்பே பக்கவாதம் வந்தவர்களை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. காரணம் நியாயமானது: ஒற்றை நோயே ஒருவரைத் தள்ளாதவர்போல் தோன்றச் செய்துவிடும், அப்போது தூய தள்ளாமை எது என்று பிரிக்க முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். பக்கவாத ஆய்வுகள் தள்ளாதவர்களை வெளியே நிறுத்தின. தள்ளாமை ஆய்வு பக்கவாதக்காரர்களை வெளியே நிறுத்தியது. இரண்டும் ஒருசேர வாய்த்தவர் இரு வாசல்களுக்கும் வெளியே நின்றார். மருத்துவமனையின் கட்டிலில் மட்டும் அவர் எப்போதும் இருந்தார்.

அதே 2001இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் கென்னத் ராக்வுட் என்ற முதியோர் மருத்துவரும் அர்னால்ட் மிட்னிட்ஸ்கி என்ற கணிதவியலாளரும் வேறு வழியில் சென்றார்கள். அவர்கள் பார்வையில் தள்ளாமை என்பது குறைகளின் கூட்டுத்தொகை. செவி மந்தம், மறதி, மூட்டு வலி, விழுதல் என்று ஒருவரிடம் சேர்ந்துள்ள குறைகளை எண்ணு. எத்தனை குறைகளைத் தேடினாயோ அதனால் வகு. வருவது அவருடைய தள்ளாமை எண். எந்தக் குறை என்பதைவிட எத்தனை குறை என்பதே எதிர்காலத்தைச் சொன்னது. பழைய வீட்டில் ஓர் ஓடு உடைந்தால் ஒழுகாது. பல ஓடுகள் நழுவியிருந்தால் அடுத்த மழையைத் தாங்காது என்பதைப் போன்ற கணக்கு இது.

2005இல் ராக்வுட் குழு, கட்டிலருகே நின்று ஒரு சில நிமிடங்களில் மதிப்பிடக்கூடிய ஏழு படிகள் கொண்ட மருத்துவத் தள்ளாமை அளவுகோலை வெளியிட்டது. அது பிறகு ஒன்பது படிகளாயிற்று. மிகத் திடமானவர் முதற்படி. வாழ்வின் இறுதியில் இருப்பவர் ஒன்பதாம் படி. இந்த அளவுகோலின் உயிர்நாடி ஒரு விதி: இப்போது கட்டிலில் கிடக்கும் மனிதரை அளக்கக் கூடாது, நோய் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று அளக்க வேண்டும். கடைக்குத் தனியே போனாரா? காசுக் கணக்கை அவரே பார்த்தாரா? குளிக்க யாராவது துணை வேண்டியிருந்ததா? ஜான்சன் தம் கடிதத்தை எங்கே தொடங்கினாரோ அங்கேதான் இக்கேள்விகளும் தொடங்குகின்றன.

கட்டிலருகே

இந்த அறிவால் பக்கவாத நோயாளிக்கு என்ன பயன்? முதலாவது, ஆபத்து எங்கே காத்திருக்கிறது என்பது முன்கூட்டித் தெரிகிறது. தள்ளாதவருக்கு விழுங்கும் தசைகளும் இருமலும் முன்பே நலிந்திருக்கும். ஆகவே நிமோனியா எளிதில் வரும். உணவு குறைந்தால் இழக்க அவரிடம் சதை இல்லை. புதிய இடமும் தூக்கமின்மையும் சேர்ந்து அவரைச் சித்தக் கலக்கத்தில் தள்ளும். மருந்துப் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் பாதி அவருக்குத் தேவையற்றதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, படுக்கையின் விலை தெரிகிறது. 2007இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், சராசரி 67 வயதான, நலமுள்ள பன்னிருவர் பத்து நாட்கள் படுக்கையில் இருந்தார்கள். நோய் எதுவும் இல்லை. பத்து நாட்களில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தது. நலமுள்ளவருக்கே இப்படியென்றால், ஒருபுறம் செயலிழந்த, முன்பே மெலிந்த ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆஷர் 1947இல் அங்கதமாகச் சொன்னதற்குத் தராசு கிடைத்துவிட்டது.

ஆனால் எழுப்பு, நடக்க வை என்பதையும் மந்திரமாக்கிவிடக் கூடாது. ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக எழுப்பி நடக்க வைக்கப்பட்டவர்களில் 46 சதவீதத்தினரே மூன்று மாதங்களில் நல்ல நிலையை அடைந்தார்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் 50 சதவீதத்தினர். ஒரே மூச்சில் நீண்ட பயிற்சியைவிடச் சிறுகச் சிறுக, அடிக்கடி எழுவதே நன்று என்று பின்னர் அத்தரவுகளை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். தள்ளாதவருக்கு எதுவும் செய்யாமல் இருப்பதும் தவறு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்வதும் தவறு. நடுவழியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கண்டாக வேண்டியிருக்கிறது.

இப்போது ராங்கின் கோலுக்கு நேர்ந்த விநோதத்துக்கு வருவோம். பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் எவ்வளவு மீண்டார் என்று அளக்கப் பிறந்த கோல் அது. கட்டியை இழுத்தெடுக்கும் ஆய்வுகளில் பலவும், பக்கவாதத்துக்கு முன்பே அக்கோலில் நன்னிலையில் இருந்தவர்களை மட்டுமே உள்ளே விட்டன. வெளியேறும் வாசலில் வைத்த அளவுகோல் நுழைவாயிலுக்கு வந்துவிட்டது. 80 என்ற கோடு அழிந்த இடத்தில் வேறொரு கோடு அரும்பிற்று. முழங்கால் வலியால் பிறர் துணையோடு குளித்துவந்த ஒரு பாட்டியும், பல உறுப்புகளும் ஓய்ந்துபோன இன்னொருவரும் அக்கோலில் ஒரே படியில் நிற்கக்கூடும். அவர்கள் ஒருவரல்லர்.

தள்ளாமை அளவுகோலுக்கும் அந்த ஆபத்து நேர்ந்தது. 2020 மார்ச்சில், கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரைச் சேர்ப்பது என்ற முடிவுக்கு ராக்வுட் அளவுகோலைப் பயன்படுத்தச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் அதிர்ந்தார்கள். பிறர் துணையோடு நிறைவாக வாழும் ஓர் இளைஞரை இந்தக் கோல் தள்ளாதவர் என்று சொல்லிவிடுமே! சில நாட்களில் நைஸ் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. இளையவர்களுக்கும், நிலையான நெடுங்கால ஊனமுள்ளவர்களுக்கும், கற்றல் குறைபாடுள்ளவர்களுக்கும் அது பொருந்தாது என்று தெளிவுபடுத்தியது. முதியவர்களின் தேவையை அறியச் செய்த கருவி, நெருக்கடியில் எத்தனை விரைவாகத் தாழ்ப்பாளாக மாறக்கூடும் என்பதற்கு அந்தச் சில நாட்கள் சாட்சி.

இதனால் அளவுகோலே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. மிகவும் தள்ளாத நிலையில் இருப்பவருக்குக் கம்பி செலுத்துவதும் குழாய்கள் பொருத்துவதும் துன்பத்தை நீட்டிப்பதாக மட்டுமே முடியலாம். அதை முன்கூட்டி அறிந்து, அவரிடமும் குடும்பத்தாரிடமும் நேர்மையாகப் பேசுவதும் மருத்துவமே. கேள்வி, அளப்பதா வேண்டாமா என்பதல்ல. அளந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதே. வாரனும் தம் நோயாளிகளை ஐந்து வகைகளாகப் பிரித்தவர்தான். அவர் பிரித்தது யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள. யாரை விட்டுவிடலாம் என்று தெரிந்துகொள்ள அல்ல.

இத்துறை நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் வ. செ. நடராஜன் தொடங்கிய முதியோர் மருத்துவப் பிரிவு இந்தியாவிலேயே முதலாவது. 1996இல் அங்கு முதுநிலைப் படிப்பும் தொடங்கப்பட்டது. பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பேணும் நம் குடும்பங்களில், இரண்டு வாரங்களுக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்ற கேள்விக்கு விடை மருத்துவக் கோப்பில் இருப்பதில்லை. காலையில் காப்பி கொடுத்த மருமகளிடமும், கூடவே கோவிலுக்கு நடந்த பேரனிடமும் இருக்கிறது. அவர்களைக் கேட்க மருத்துவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காதபோது, கட்டிலில் கிடப்பவர் வெறும் வயதாகச் சுருங்கிவிடுகிறார்.

ஒரு மனிதரை அவருடைய மிக மோசமான நாளை வைத்து மதிப்பிடாதே என்பது அறநூல்கள் சொல்லக்கூடிய பாடம். முதியோர் மருத்துவம் நூறாண்டு அலைந்து அதையே ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறது. வாய் கோணி, சொல் குழறிக் கட்டிலில் கிடப்பவரைப் பார்க்கும்போது, இரண்டு வாரங்களுக்கு முன் நடமாடிய ஒருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது அது. அந்த இன்னொருவரை விசாரிக்காமல் எழுதப்படும் மருந்துச்சீட்டு, எவ்வளவு புதிய மருந்தைச் சொன்னாலும், பழைய விடுதியின் கூடத்திலிருந்து எழுதப்பட்டதுதான்.